ஈயம் இல்லாத தூண்டில்: சால்மன் ஆறுகளுக்கான இரு கைக் கம்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வைகை கடலோடு சேருகிற ஆற்றங்கரை ஊரின் முகத்துவாரத்தில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சான், 13 அடி நீளக் கம்பு ஒன்றை இரு கைகளாலும் பிடித்தபடி முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று வீசிப் பழகிக்கொண்டிருந்தார். கரையில் கிழிந்த வலையை மடியில் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டு நீளக் கம்பு வச்சிருக்கீக, ஈயத்தக் காணோமே தம்பி! ஈயமில்லாம வெறும் முள்ளு எப்படிப் போகும்?" என்று கேட்டார். மச்சான் கரையேறி வந்து, லைன் என்கிற தூண்டில் கயிற்றின் பருத்த பகுதியைச் சுருட்டி அவருடைய உள்ளங்கையில் வைத்து, "இதுதாங்கய்யா ஈயம்" என்றார். பெரியவர் கையைத் தூக்கியும் தாழ்த்தியும் எடை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் லைனை நகத்தால் கீறிப் பார்த்தார்.

இரு கைக் கம்பு வாங்க நினைக்கும் ஒருவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கேள்வியையும் பதிலையும்தான். நம் மாவட்டத்திலிருந்து வான்கூவருக்கும் டொராண்டோவுக்கும் நார்வேக்கும் போய்க் குடியேறிய உறவினர்கள் பலர், அங்குள்ள ஆறுகளில் இடுப்பளவுத் தண்ணீரில் நீளக் கம்போடு நிற்பவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு, எந்தக் கம்பை வாங்குவது என்று கேட்கிறார்கள். கடைகளில் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் கம்பிலிருந்து தொடங்குகின்றன. என் கருத்தில் அது தலைகீழான வழி. மீனிலும் ஆற்றிலும் தொடங்கி, அங்கிருந்து லைனுக்கு வந்து, கடைசியில்தான் கம்புக்கு வரவேண்டும்.

நம் கரையில் கைத்தூண்டில் போடுகிறவர் நரம்பின் முனையில் ஈயத்தைக் கட்டிச் சுழற்றி எறிகிறார். ஈயம் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. இரு கைக் கம்பில் ஈயம் கிடையாது; கயிற்றின் முனையில் இருப்பது ஃப்ளை. ஃப்ளை என்பது முள்ளின் மேல் இறகும் மயிரும் பளபளப்பான இழைகளும் சேர்த்து நூலால் கட்டிய பொய் இரை. உள்ளங்கையில் வைத்து ஊதினால் நகர்ந்துவிடும் அளவுக்கு அது இலேசானது. அதனால் எந்தக் கயிற்றையும் இழுத்துக்கொண்டு பறக்க முடியாது. ஆகவே எடை முழுவதையும் கயிற்றுக்கே கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே மெல்லிய இழையும், அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சுமாக, முனையில் மெலிந்தும் நடுவில் பருத்தும் இருக்கிற அந்தக் கயிறுதான் லைன். வீசும்போது கம்பை வளைப்பதும் காற்றில் சுருள் விரிந்து போவதும் லைன். ஃப்ளை வெறுமனே அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. கம்பு என்பது ஒரு குறிப்பிட்ட எடையுள்ள லைனை வீசுவதற்கான வில் என்று எடுத்துக்கொண்டால், பின்னால் வரும் எண்களெல்லாம் குழப்பமில்லாமல் விளங்கும்.

மீனைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் சந்தையில் இந்தியன் சால்மன் என்ற பெயரில் விற்கப்படுகிற காலா மீனுக்கும் உண்மையான சால்மனுக்கும் எந்த உறவும் இல்லை. அட்லாண்டிக் பக்கத்தில் ஒரு சால்மன் இனம்; வட அமெரிக்காவின் பசிபிக் பக்கத்தில் சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம் என்று ஐந்து இனங்கள். ஸ்டீல்ஹெட் என்பது தனி இனம் அன்று. வானவில் டிரவுட் என்கிற ஆற்று மீனில் கடலுக்குப் போய் வளர்ந்து திரும்புகிற கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். அதே வானவில் டிரவுட்டை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள்; அவலாஞ்சியில் அதற்கான பொரிப்பகம் உண்டு. சால்மன்களும் ஸ்டீல்ஹெட்டும் ஆற்றில் பொரிந்து, கடலில் பெருத்து, முட்டையிட மறுபடியும் ஆறு ஏறுகிறவை. நம் கொடுவா இதற்கு நேர்மாறு: அது கழிமுகத்திலும் உள்நீரிலும் வளர்ந்து, முட்டையிடக் கடல்முகத்துக்கு இறங்குகிறது.

ஆறு ஏறும் அட்லாண்டிக் சால்மன் இரை எடுப்பதை நிறுத்திவிடுகிறது. ஸ்டீல்ஹெட்டின் பசியும் ஆற்றில் மிகவும் குறைந்துவிடுகிறது. பசியில்லாத மீன் முன் இரையைக் காட்டி என்ன பயன் என்று தோன்றலாம். ஆனால் கண் முன்னால் குறுக்கே நீந்துகிற ஒன்றை, சினத்தாலோ பழைய பழக்கத்தாலோ, சில சமயம் அது வாயால் பிடித்துவிடுகிறது. எந்தச் சமயம் என்பது யாருக்கும் தெரியாது. எனவே தூண்டில்காரர் ஆற்றின் குறுக்கே, நீரோட்டத்தின் பக்கமாகச் சாய்த்து லைனை வீசுகிறார். ஓட்டம் அதை வில்போல வளைத்து அவர் நிற்கும் கரைப்பக்கம் கொண்டுவந்து சேர்க்கிறது. அவர் இரண்டு எட்டு கீழே இறங்கி, மறுபடியும் வீசுகிறார். உறைகிற தண்ணீரில் நின்று, காலையிலிருந்து மாலைவரை நூற்றுக்கணக்கான முறை இதையே செய்து, ஒரு நாள் முழுவதும் ஒன்றுமே கிடைக்காமல் வீடு திரும்புவது அங்கே சாதாரணம். ஆகவே அந்தக் கம்பிடம் நாம் கேட்கவேண்டியது ஒரே ஒரு நெடுந்தூர வீச்சை அன்று. முந்நூறாவது வீச்சிலும் தோள் வலிக்காமல் இருப்பதைத்தான்.

ஒரு கைக் கம்பில் லைனை முதலில் முதுகுக்குப் பின்னால் முழுநீளமும் விரித்துவிட்டு, பிறகு முன்னால் வீச வேண்டும். அரிச்சல்முனை போல வெட்டவெளியில் இது நடக்கும். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரைகளில் பல இடங்களில் பின்னால் செங்குத்தான மேடும் மரங்களும் நிற்கின்றன. பின்னால் விரித்த லைன் கிளையில் மாட்டிக்கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே உருவான முறையில், லைனைப் பின்னால் விரிப்பதில்லை. தண்ணீரிலிருந்து தூக்கிய லைனின் முனையை மட்டும் பக்கவாட்டில் தண்ணீரில் ஒட்டவைத்து, மீதியைத் தோளுக்குப் பின்னால் ஒரு அரைவட்டமாக வீங்கவிட்டு, அந்த வீக்கத்தின் எடையால் கம்பை வளைத்து முன்னால் எறிகிறார்கள். தண்ணீரில் ஒட்டியிருக்கும் முனைக்கு நங்கூரம் என்றே பெயர். பின்னால் ஒன்றிரண்டு ஆள் நீளம் இடம் இருந்தாலே போதும். அந்த ஆற்றின் பெயராலேயே இந்த முறை ஸ்பே வீச்சு எனப்படுகிறது.

இரண்டு கை எதற்கு என்றால் பலத்துக்கு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. மேல் கை கம்பைத் தாங்குகிற அச்சாக நிற்க, கீழ்க் கை கம்பின் அடியைத் தன் வயிற்றை நோக்கி இழுக்கிறது. வத்தையில் துடுப்புப் போடும்போது ஒரு கை நிலைகொள்ள மறு கை வேலை செய்கிறதே, அதைப் போன்ற பங்கீடு இது. கீழ்க் கை ஒரு சாண் இழுத்தால் கம்பின் நுனி பல அடி நகர்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் மேல் கையால் தள்ளுகிறார்கள். அரைநாளில் தோள் கழன்றுவிடும். அந்தக் காலத்தில் கிரீன்ஹார்ட் என்ற கனமான மரத்தில் 18 அடி நீளத்துக்குக் கம்பு செய்தார்கள். பிறகு மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டிச் செய்தார்கள், அதற்குத் தொடக்கத்தில் கல்கத்தா மூங்கில் என்ற பெயரில் நம் நாட்டு மூங்கிலே கப்பலேறிப் போயிருக்கிறது. இன்றைய கார்பன் இழைக் கம்பு 13 அடி நீளத்திலும் ஏறத்தாழ 200 கிராம்தான்.

இனி எண்களுக்கு வருவோம். இங்கேதான் பணம் வீணாகிறது. கம்பின் கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் 7130-4 என்பது போல ஏதாவது அச்சிட்டிருக்கும். முதல் 7 என்பது லைன் நம்பர், அதாவது எந்த எடைப் பிரிவு லைனுக்கான கம்பு என்பது. 130 என்பது 13 அடி 0 அங்குலம். கடைசி 4 என்பது கம்பு நான்கு துண்டாகப் பிரியும் என்பதற்கு. 8136-4 என்றால் 8 நம்பர், 13 அடி 6 அங்குலம், நான்கு துண்டு. எல்லா உற்பத்தியாளர்களும் இதே வரிசையில் எழுதுவதில்லை என்றாலும், இந்த மூன்று செய்திகளும் எப்படியாவது கம்பில் இருக்கும்.

அந்த முதல் எண்ணைத்தான் நான் தவறாகப் புரிந்துகொண்டேன். மச்சான் எனக்கு விட்டுப்போன பழைய 8 நம்பர் இரு கைக் கம்புக்கு லைன் வாங்க ஒரு பெருநகரக் கடைக்குப் போனேன். கடைக்காரர் 8-க்கு 8 என்று சொல்லி ஒரு லைனைக் கட்டிக்கொடுத்தார். தேவிபட்டினத்துக்குக் கொண்டுவந்து வீசிப் பார்த்தால், கம்பு வளையவே இல்லை. தென்னை மட்டையின் நுனியில் தையல் நூலைக் கட்டி வீசியது போலிருந்தது. ஒரு வாரம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் மச்சானிடம் புலம்பியபோது அவர், "மாப்ள, எத்தன கிரெய்ன்னு பாத்தீகளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பார்த்தால், அது ஒரு கைக் கம்புக்கான 8 நம்பர் லைன்.

கிரெய்ன் என்பது நம் நெல்லெடையைப் போலத் தானியத்தை வைத்துப் பிறந்த பழைய அளவு. ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். ஒரு கை 8 நம்பர் லைனின் முதல் 30 அடி 210 கிரெய்ன், அதாவது 13.6 கிராம். இரு கை 8 நம்பர் கம்பு கேட்பதோ பெரும்பாலும் 500-க்கும் 600-க்கும் இடைப்பட்ட கிரெய்ன், அதாவது சுமார் 32 முதல் 39 கிராம். நகைக் கணக்கில் சொன்னால், முன்னது இரண்டு பவுனுக்கும் குறைவு. பின்னது நான்கு பவுனைத் தாண்டுகிறது. எண் ஒன்றுதான், எடை இரண்டரை மடங்கு. எனவே கடையில் எண்ணைக் கேட்காதீர்கள். இந்தக் கம்பு எத்தனை கிரெய்னுக்குச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். நல்ல உற்பத்தியாளர்கள் 450 முதல் 550 வரை என்பது போல ஒரு வரம்பைக் கம்பிலோ தங்கள் அட்டவணையிலோ கொடுத்திருப்பார்கள். அந்த வரம்பைச் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் லைன் வாங்க வேண்டாம்.

அந்த எடை எப்படிப்பட்ட நீளத்தில் பரவியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இன்று இரு கைக் கம்புக்கான லைன் பெரும்பாலும் இரண்டு பாகமாக வருகிறது. முன்னால் எடையுள்ள பருத்த பகுதி. அதற்கு ஹெட் என்று பெயர். பின்னால் மெல்லிய ரன்னிங் லைன். ஹெட் பறக்கும்போது ரன்னிங் லைன் அதன் பின்னால் வழுக்கிக்கொண்டு போகும், ஏறக்குறைய ஈயத்தின் பின்னால் நம் நரம்பு போவது போலவே. அந்தப் பெரியவரின் ஈயம் இந்த ஹெட்தான்.

ஹெட்டில் ஸ்காஜிட், ஸ்காண்டி என்று இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஸ்காஜிட் என்பது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடுகிற ஓர் ஆற்றின் பெயர். அங்கே குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் பனிநீரில் அடியோடு அடியாகச் சோம்பிக் கிடக்கும். ஃப்ளையைத் தேடி மேலே வராது. அதன் மூக்குக்கு நேராகப் பெரிய ஃப்ளையைக் கொண்டுபோய்க் காட்டவேண்டுமானால், முனையில் மூழ்குகிற ஒரு துண்டைக் கட்டியாகவேண்டும். மூழ்கிய துண்டையும், நீரில் நனைந்து கனத்த ஃப்ளையையும் தண்ணீரிலிருந்து பிடுங்கி எறிய, குட்டையான, மிகவும் கனமான ஹெட் தேவைப்பட்டது. அப்படிப் பிறந்தது 20 முதல் 25 அடி நீளமுள்ள ஸ்காஜிட் ஹெட். அதை அவசரமில்லாமல், நங்கூரத்தைத் தண்ணீரில் சற்றே நிற்கவிட்டு, ஒரே இழுப்பாக வீசலாம் என்பதால் புதியவர்களுக்கு அது எளிதாக வருகிறது.

ஸ்காண்டி, பெயருக்கேற்ப, சுவீடன் நார்வே பக்கத்து வழக்கம். சுவீடன்காரரான யோரன் ஆண்டர்சன் கீழ்க் கையை முதன்மையாக வைத்து வளர்த்தெடுத்த வீச்சுமுறையோடு அது பரவியது. ஹெட் மெலிந்து நீண்டிருக்கும். கம்பின் நீளத்தைப்போல் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு. கோடையில் மீன் மேல்நீரைக் கவனிக்கும் காலத்தில், சிறிய ஃப்ளையைச் சத்தமில்லாமல் இறக்க அது பொருத்தம். நங்கூரம் தண்ணீரைத் தொட்டதும் வீசிவிடவேண்டும், காலம் தவறினால் லைன் காலடியில் குவிந்துவிடும். இவற்றைத் தவிர, ஸ்பே ஆற்றின் பழைய வழக்கப்படி 50, 60 அடிக்கு மேல் நீண்ட எடைப்பகுதி உள்ள லைன்களும் உண்டு. பார்க்க மிக அழகான வீச்சு. ஆனால் தொடங்குகிறவர் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

ஒரே கம்பில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டலாம், ஆனால் எடையை மாற்றவேண்டும். 500 கிரெய்ன் ஸ்காஜிட் ஹெட்டோடு நன்றாக வளைகிற கம்புக்கு, ஸ்காண்டி ஹெட் 450-ஐ ஒட்டி இருந்தால் போதும். இன்னொரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: மூழ்கு முனையின் எடையையும் சேர்த்துத்தான் 500-ஆ? இல்லை. ஸ்காஜிட் ஹெட்டில் அச்சிட்டிருப்பது ஹெட்டின் எடை மட்டுமே; முனை தனி. மூழ்கு முனைகளில் டி-8, டி-11, டி-14 என்று போட்டிருப்பது ஓர் அடிக்கு எத்தனை கிரெய்ன் என்பதைக் காட்டுகிறது. 10 அடி டி-11 கட்டினால் 110 கிரெய்ன் கூடும். 7 நம்பர் கம்போடு தொடங்குகிறவருக்கு டி-8 அல்லது டி-11 போதும். டி-14 ஆற்றடிக் கல்லில் ஃப்ளையைச் சிக்கவைத்து முதல் நாளே பெட்டியைக் காலி செய்துவிடும்.

லைன் முடிவானால் கம்பின் நீளம் பாதி முடிவாகிவிட்டது. மீதிப் பாதியை ஆறு முடிவு செய்யும். நீளக் கம்பு அதிக லைனைத் தண்ணீரிலிருந்து தூக்கும்; நடு ஆற்றின் வேகமான ஓட்டம் லைனை இழுத்துக்கொண்டு போகாதபடி அதைத் தூக்கி மேல்பக்கம் மாற்றிப் போடவும் உதவும். ஆனால் நீளம் கூடக்கூட, மீன் மாட்டிய பிறகு அது நம் கையை எதிர்த்து இழுக்கிற நெம்புகோலாகவும் ஆகிவிடும். ஸ்காட்லாந்தின் டே, ஸ்பே போன்ற அகன்ற ஆறுகளில் 14, 15 அடிக் கம்பு வழக்கம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் 12 அடி 6 அங்குலம் முதல் 13 அடி 6 அங்குலம் வரை உள்ளவற்றையே அதிகம் பார்க்கலாம். டொராண்டோவிலிருந்து போகக்கூடிய கிராண்ட், சாகீன் போன்ற ஆறுகளில், பெரிய ஏரிகளிலிருந்து ஏறிவருகிற ஸ்டீல்ஹெட்டுக்கு 11 முதல் 12 அரை அடிவரை போதுமானது. அந்த ஏரிகளில் இந்த மீன் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்டது. அவை கடலையே பார்த்ததில்லை என்பதால் அவற்றை ஸ்டீல்ஹெட் என்று அழைக்கலாமா என்ற சண்டை அங்கே ஓய்ந்தபாடில்லை.

லைன் நம்பரை முடிவு செய்வது மீனின் எடை மட்டுமன்று, ஃப்ளையின் எடையும்தான். 6 நம்பர், சிறு ஆற்றின் கோடைகால ஸ்டீல்ஹெட்டுக்கும் சிறிய ஃப்ளைக்கும். 7 நம்பர், பெரும்பாலான ஸ்டீல்ஹெட் வேலைக்கும் கோஹோவுக்கும். 8, குளிர்காலத்தின் கனத்த ஃப்ளைக்கும், சம் சால்மனுக்கும், அட்லாண்டிக் சால்மனுக்கும். நார்வேயின் ஆல்டா, கௌலா போன்ற ஆறுகளுக்குப் போகிறவர் 14 அடியை ஒட்டிய 9 நம்பரைக் கொண்டுபோவது தவறாகாது. சினூக் தனிக் கதை: 1985-இல் அலாஸ்காவின் கினாய் ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட சினூக் ஒன்று 97 பவுண்டுக்கு மேல், அதாவது 44 கிலோ. அந்த மீனுக்கென்றே போகிறவர் 9, 10 நம்பருக்குக் கீழே இறங்கக்கூடாது. இவற்றில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், வான்கூவர் பக்கத்து ஆளுக்கு 13 அடி 7 நம்பரைத்தான் சொல்வேன். அதில் இரண்டு ஹெட்டும் போகும், பெரும்பாலான மீனும் அடங்கும். பிறகு அவரே தன் ஆற்றுக்கு ஏற்ப மேலேயோ கீழேயோ போகலாம்.

கம்பு எந்த இடத்தில் வளைகிறது என்பதைப் பற்றிக் கடைகளில் நீண்ட பிரசங்கம் நடக்கும். நுனி மட்டும் வளைந்து சட்டென்று நிமிர்கிற விறைத்த கம்பு ஸ்காண்டிக்கு ஏற்றது. கைப்பிடிவரை மெதுவாக வளைகிற கம்பு ஸ்காஜிட்டுக்கு ஏற்றது. புதியவர் நடுத்தரமானதையோ சற்று மெதுவானதையோ எடுப்பதே மேல், ஏனென்றால் மெதுவான கம்பு லைனின் எடையைக் கைக்குத் தெரியச் சொல்லும். விறைத்த கம்பு நம் தவறுகளை மறைத்துவிட்டு லைனை மட்டும் குவித்துப்போடும்.

10 அரை முதல் 11 அரை அடிவரை உள்ள, ஒரு கையாலும் வீசலாம் இரு கையாலும் வீசலாம் என்று விற்கப்படுகிற ஸ்விட்ச் கம்புகளின் மேல் ஆரம்பக்காரர்களின் கண் முதலில் போகிறது, ஒரு விலையில் இரண்டு கம்பு என்ற கணக்கில். ஒரு கையால் நாள் முழுவதும் வீச அது கனம். இரு கையால் பழகத் தொடங்குகிறவருக்கு அது குட்டை, காலக்கணக்கு சிறிது தவறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சிறிய ஆற்றுக்கு அது நல்ல குட்டைக் கம்பு என்று தெரிந்து வாங்கினால் சரி. சிலர் நம் கரையில் பாறை மீனுக்கும் கொடுவாவுக்கும் வீசலாம் என்று இரு கைக் கம்பு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தலைக்கு மேலாக வீசி அப்படிப் பிடிக்க முடியும், வெளிநாட்டுக் கடற்கரைகளில் செய்கிறார்கள். ஆனால் அதற்காக மட்டும் அவ்வளவு பணம் கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்; சாதாரண ஸ்பின்னிங் கம்பே நம் காற்றுக்கு மேல்.

ரீலைப் பற்றி ஒரு சோதனை போதும். லைன் முழுவதும் சுற்றிய ரீலைக் கம்பில் பூட்டி, மேல் கை பிடிக்கும் இடத்தில் ஒரு விரலை அடியில் கொடுத்துத் தாங்கிப் பாருங்கள். கம்பு தராசு முள் போல் படுத்து நின்றால் சரி. நுனி தலை கவிழ்ந்தால் ரீல் இலேசு. முந்நூறு வீச்சும் அந்த நுனியை உங்கள் மணிக்கட்டு தூக்கிக்கொண்டிருக்கவேண்டி வரும். இந்த ஒரு பொருளில் மட்டும் இலேசானதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது அறியாமை.

பழகுவதற்கு ஆறு வேண்டும் என்பதில்லை, தண்ணீர் வேண்டும். நங்கூரம் தண்ணீரில் ஒட்டினால்தான் ஸ்பே வீச்சு நடக்கும். மைதானத்துப் புல்லில் லைன் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஊருணியோ கண்மாயோ போதும். கடலிலும் பழகலாம், முடிந்ததும் கம்பு, ரீல், லைன் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசவேண்டும். ஆற்றில் ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் ஓட்டமே லைனை நீட்டி வைத்துவிடும். நின்ற நீரில் அது நடக்காது என்பதால், முதலில் ஒரு சிறு உருட்டு வீச்சால் லைனை நேராக்கிக்கொண்டுதான் உண்மையான வீச்சைத் தொடங்கவேண்டும். முள்ளுக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டு ஒன்றைக் கட்டுங்கள், கண்ணாடி அணியுங்கள்.

காற்றை நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் அது தலைகீழாகும். எந்தக் காற்றுக்கு எந்தக் கடல் என்று பார்த்துத் தொழிலுக்குப் போவதைப் போல, எந்தக் காற்றுக்கு எந்தத் தோள் என்று பார்த்து வீச்சைத் தேர்ந்தெடுக்கவேண்டும். லைனின் அரைவட்டம் எப்போதும் காற்று போகிற பக்கத்தில் இருக்கவேண்டும். மறுபக்கம் வைத்தால் காற்று முள்ளை நம் முகத்துக்கே கொண்டுவரும். ஆற்றில் காற்று நீரோட்டத்தோடு கீழ்நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே, ஸ்னேக் ரோல் என்ற வீச்சுகள். காற்று ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே, ஸ்னாப் டி. நான்கில் டபுள் ஸ்பேயை முதலில் பழகுங்கள், நிதானமாக எண்ணிச் செய்யக்கூடியது அதுதான்.

போகிற இடத்துச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஆறுகளில் எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளைத்தான் பயன்படுத்த முடியும்; இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டைப் பிடித்தால் தண்ணீரிலேயே விட்டுவிடவேண்டும். நார்வேயில் ஓர் ஆற்றில் நனைந்த கம்பையும் காலணியையும் கிருமிநீக்கம் செய்யாமல் இன்னோர் ஆற்றுக்குக் கொண்டுபோகக்கூடாது, சால்மன் குஞ்சுகளைக் கொல்லும் ஒட்டுண்ணி ஒன்று அப்படித்தான் பரவுகிறது.

பழைய கம்பு வாங்குகிறவர் துண்டுகள் பொருந்தும் மூட்டுகளை விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பார்க்கவேண்டும். மயிரிழை வெடிப்பு இருந்தால் நகத்தில் தட்டும். புதிய கம்பிலும் கவனிக்கவேண்டியது மூட்டுகளைத்தான். ஸ்பே வீச்சு ஒவ்வொன்றும் கம்பைச் சிறிது முறுக்குவதால், மூட்டுகள் தாமாகவே கழன்றுகொண்டு வரும். வயர்மேன் வைத்திருக்கும் இன்சுலேஷன் டேப்பை ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். நாங்கள் ஆற்றங்கரையில் அதைச் செய்யாமல் வீசிக்கொண்டிருந்தபோது, நுனித்துண்டு கழன்று லைன் வழியாகச் சறுக்கிக்கொண்டு முகத்துவாரத்துக்குள் போய்விட்டது. லைனை மெல்லச் சுற்றி இழுத்ததில் அது திரும்பி வந்துசேர்ந்தது. வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்த பெரியவர், மூட்டை வாங்கிப் பார்த்து, தன் தூக்குவாளிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு டேப் சுருளை எடுத்து நீட்டினார்.